லிப்பிட் சவ்வு உருவகப்படுத்தலில் நிகர மின்னூட்டம்: சுழிக் கூட்டுத்தொகையும் இடப்பரவலும்

ஆய்வுச் சுருக்கம்

மூலக்கூறு இயக்கவியல் உருவகப்படுத்தலில் அமைப்பின் நிகர மின்னூட்டத்தைச் சுழியாக்குவது ஓர் ஆயத்தப்பணியாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆய்வுக் கட்டுரைகளின் முறையியல் பகுதியில் அது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. லிப்பிட் சவ்வுகளைப் பொறுத்தவரை இந்த ஒரு வரி போதாது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. ஈவால்ட் கூட்டல் முறை தானாகவே சேர்க்கும் சீரான பின்னணி மின்னூட்டம், ஈடுசெய் அயனிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும் மூன்று வழிகள், விசைப்புலத்தின் பங்கு, பகுதிவாரி நடுநிலை ஆகியவை 128 லிப்பிட்களைக் கொண்ட ஒரு மாதிரி ஈரடுக்கின் வழியாக ஆராயப்படுகின்றன. கூட்டுத்தொகை சுழியாவது தேவையான நிபந்தனை. அதுவே போதுமான நிபந்தனை ஆகாது. ஈடுசெய்யும் மின்னூட்டம் எந்த இடத்தில், எந்தச் சமநிலையில் உள்ளது என்பதே முடிவுகளின் நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: லிப்பிட் சவ்வு, நிகர மின்னூட்டம், ஈவால்ட் கூட்டல், பின்னணி மின்னூட்டம், ஈடுசெய் அயனி, டானன் சமநிலை.

முன்னுரை

உயிரணுச் சவ்வுகளின் லிப்பிட்கள் மின்னூட்ட அடிப்படையில் இரு பெரும் வகையின. பாஸ்ஃபாட்டிடைல்கோலின் சுவிட்டர் அயனி வடிவில் இருப்பதால் அதன் நிகர மின்னூட்டம் சுழி. பாஸ்ஃபாட்டிடைல்செரின், பாஸ்ஃபாட்டிடைல்கிளிசரால் ஆகியவை −1 மின்னூட்டம் கொண்டவை. கார்டியோலிப்பின் இரு பாஸ்பேட் தொகுதிகளைக் கொண்டிருப்பதால் வழக்கமாக −2 மின்னூட்டத்துடன் மாதிரியாக்கப்படுகிறது. விலங்கு உயிரணுவின் பிளாஸ்மாச் சவ்வில் பாஸ்ஃபாட்டிடைல்செரின் பெரும்பாலும் உள்ளடுக்கிலேயே செறிந்துள்ளது. பாக்டீரியச் சவ்வுகளில் பாஸ்ஃபாட்டிடைல்கிளிசராலும் கார்டியோலிப்பினும் முக்கியக் கூறுகள். எனவே இயற்கைக்கு நெருக்கமான சவ்வு மாதிரி எதுவும் மின்னூட்டமுடைய மாதிரியாகவே அமையும்.

நோயெதிர்ப் பெப்டைடுகள் பாக்டீரியச் சவ்வில் ஒட்டுதல், அயனிகள் சவ்வைக் கடத்தல், மருந்து மூலக்கூறுகள் ஊடுருவுதல் ஆகியவற்றை விளக்கும் ஆய்வுகள் அனைத்தும் மின்னிலை விசைகளையே பெரிதும் சார்ந்துள்ளன. மெலிட்டின் பெப்டைடு +6 மின்னூட்டம் கொண்டது. அது எதிர்மின் சவ்வை நாடும் வலிமை, சவ்வைச் சூழ்ந்துள்ள அயனிகளின் மறைப்பைப் பொறுத்தது. அயனிகளின் எண்ணிக்கையோ இடமோ பிழையானால் பிணைப்பு ஆற்றலும் பிழையாகும். ஆயினும், மின்னூட்டம் கையாளப்பட்ட விதத்தை வாசகர் சரிபார்க்க இயலாதவாறே பல முறையியல் பகுதிகள் எழுதப்படுகின்றன. இப்போக்கே இங்கு விமர்சனத்திற்கு உட்படுத்தப்படுகிறது.

ஈவால்ட் கூட்டலும் பின்னணி மின்னூட்டமும்

மின்னிலை விசை தொலைவுக்கு ஏற்ப மெதுவாகவே குறைகிறது. அதை ஒரு குறிப்பிட்ட தொலைவில் வெட்டிவிடுவது தொடக்ககால உருவகப்படுத்தல்களில் வழக்கமாக இருந்தது. அவ்வாறு வெட்டுவது லிப்பிட் ஈரடுக்கின் கட்டமைப்பையே மாற்றிவிடுகிறது என்பதைப் பத்ரா உள்ளிட்டோர் 2003இல் காட்டினர். பால் பீட்டர் ஈவால்ட் 1921இல் படிகங்களுக்காக வகுத்த கூட்டல் முறையும், அதன் விரைவான வடிவமாக டார்டன், யார்க், பெடர்சன் ஆகியோர் 1993இல் அளித்த துகள்–வலை ஈவால்ட் முறையும் இதற்குத் தீர்வாயின. இன்று சவ்வு ஆய்வுகளில் பெரும்பாலானவை இம்முறையையே பின்பற்றுகின்றன.

ஈவால்ட் முறையில் உருவகப் பெட்டி மூன்று திசைகளிலும் எல்லையின்றித் திரும்பத் திரும்ப வருவதாகக் கொள்ளப்படுகிறது. பெட்டிக்கு நிகர மின்னூட்டம் இருப்பின் இந்த எல்லையற்ற அடுக்கின் ஆற்றல் வரம்பின்றிப் பெருகும். ஃபூரியே வெளியில் இப்பெருக்கம் அலைத்திசையன் சுழியாக உள்ள ஒரே உறுப்பில் தோன்றுகிறது. மென்பொருள்கள் அவ்வுறுப்பை விட்டுவிடுகின்றன. கணிதப்படி இதன் பொருள், நிகர மின்னூட்டத்திற்குச் சமமான எதிர் மின்னூட்டத்தைப் பெட்டி முழுவதும் சீராகப் பரப்பிவிடுவதாகும். ஆய்வாளர் எதையும் சேர்க்கவில்லை. ஆயினும் பெட்டி நடுநிலையாகிவிடுகிறது. கணிப்பு தடையின்றி ஓடுவதும் இதனாலேயே.

நீர் மட்டுமே நிறைந்த பெட்டியில் இப்பின்னணி எங்கும் ஒரே அளவில் இருப்பதால் விசைகள் மாறுவதில்லை. ஆற்றலிலும் அழுத்தத்திலும் மட்டுமே திருத்தம் தேவைப்படுகிறது. சவ்வின் நிலை வேறு. நீரின் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 80. லிப்பிட் வால்பகுதியின் விடுதிறன் ஏறத்தாழ 2. உண்மையான ஈடுசெய் அயனிகள் வால்பகுதிக்குள் நுழைவதில்லை. பின்னணி மின்னூட்டமோ நீரையும் எண்ணெய்ப் பகுதியையும் வேறுபடுத்தாமல் இரண்டிலும் பரவுகிறது. இயற்கையில் மின்னூட்டம் இருக்க இயலாத இடத்தில் அது மின்னூட்டத்தை வைக்கிறது.

ஹப், டி குரூட், குருப்முல்லர், குரூன்ஹாஃப் ஆகியோர் 2014இல் இவ்விளைவை அளவுரீதியாக நிறுவினர். ஒரு சோதனை மின்னூட்டத்தை நீரிலிருந்து ஹெக்சாடெக்கேனுக்குக் கொண்டுசெல்லும் கட்டிலா ஆற்றலைக் கணக்கிட்டு, குறைந்த விடுதிறன் பகுதியில் அயனிகள் மோலுக்குப் பத்துகள் முதல் நூறுகள் வரையிலான கிலோஜூல் அளவுக்குப் பொய்யாக நிலைப்படுத்தப்படுகின்றன என்று காட்டினர். குரோமாக்ஸ் மென்பொருள் இதையொட்டியே நிகர மின்னூட்டமுள்ள அமைப்புக்கு எச்சரிக்கை விடுக்கிறது. அவ்வெச்சரிக்கையைக் கடந்துசெல்ல ஒரு கட்டளைத் தெரிவும் அதே மென்பொருளில் உண்டு. எச்சரிக்கையின் காரணத்தை ஆராயாமல் அத்தெரிவைப் பயன்படுத்துவது பிழையை மறைப்பதற்கே ஒப்பாகும்.

மாதிரி ஈரடுக்கு: ஒரு மதிப்பீடு

இவ்விளைவின் அளவை ஒரு சிறிய மாதிரியால் உணரலாம். 102 பாஸ்ஃபாட்டிடைல்கோலினும் 26 பாஸ்ஃபாட்டிடைல்செரினும் கொண்ட 128 லிப்பிட் ஈரடுக்கு ஒன்றைக் கொள்வோம். ஒவ்வோர் அடுக்கிலும் 64 லிப்பிட்கள். ஒரு லிப்பிடுக்கு 0.65 சதுர நானோமீட்டர் எனில் சவ்வின் பரப்பு 41.6 சதுர நானோமீட்டர். ஒரு லிப்பிடுக்கு 40 நீர் மூலக்கூறுகள் வீதம் மொத்தம் 5120. அவற்றின் பருமன் ஏறத்தாழ 154 கன நானோமீட்டர். லிப்பிட்களையும் சேர்த்தால் பெட்டியின் பருமன் ஏறத்தாழ 315 கன நானோமீட்டர்.

ஈடுசெய் அயனி எதையும் சேர்க்காவிடில் நிகர மின்னூட்டம் −26. ஈவால்ட் முறை +26 மின்னூட்டத்தைப் பெட்டி முழுவதும் பரப்புகிறது. வால்பகுதியின் தடிமன் 2.8 நானோமீட்டர் எனக் கொண்டால், பரப்பப்பட்ட மின்னூட்டத்தில் ஏறத்தாழ 10 அலகு எண்ணெய்ப் பகுதிக்குள் அமைகிறது. சீரான மின்னூட்டம் நிறைந்த தட்டையான அடுக்கில் மின்னழுத்தம் பரவளைய வடிவில் மாறும். அடுக்கின் விளிம்புக்கும் நடுவுக்கும் இடையிலான வேறுபாடு, மின்னூட்ட அடர்த்தியைத் தடிமனின் வர்க்கத்தால் பெருக்கி, விடுதிறனின் எட்டு மடங்கால் வகுப்பதால் கிடைக்கும். விடுதிறனை 2 எனக் கொள்ள, இவ்வேறுபாடு ஏறத்தாழ 0.7 வோல்ட். ஓரலகு மின்னூட்டமுள்ள அயனிக்கு இது மோலுக்கு ஏறத்தாழ 70 கிலோஜூல், அதாவது அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலைப்போல் 28 மடங்கு.

பின்னணி நேர்மின் தன்மையது ஆதலால் சவ்வின் நடுப்பகுதி எதிர்மின் அயனிகளை ஈர்க்கும். அதாவது, அமைப்பின் நிகர மின்னூட்டத்தை ஒத்த குறியுடைய அயனியே உள்ளே இழுக்கப்படுகிறது. அயனி சவ்வைக் கடப்பதற்கான ஆற்றல் தடையைப் பார்சீஜியன் 1969இல் கணக்கிட்டபோது, குறைந்த விடுதிறனே அத்தடையின் அடிப்படை என விளக்கினார். அந்த உண்மையான தடையின் பெரும்பகுதியை ஒரு கணிதச் செயற்கை இங்கு அழித்துவிடுகிறது. இத்தகைய பெட்டியில் குளோரைடு அயனி சவ்வுக்குள் நுழைவது காணப்பட்டால் அது கண்டுபிடிப்பாகாது. முறையின் விளைவே ஆகும்.

பின்னணிக்கு ஆதரவான வாதம்

பின்னணி மின்னூட்டத்தை முற்றாக ஒதுக்கிவிடவும் இயலாது. வெளிப்படையான அயனிகள் சவ்வின் தலைப்பகுதியில் ஒட்டி விலக நீண்ட காலம் எடுத்துக்கொள்கின்றன. கால்சியம் போன்ற ஈரிணைய அயனிகளில் இத்தாமதம் மேலும் மிகுதி. குறுகிய கணிப்பில் இவ்வயனிகள் சமநிலையை எட்டாமலேயே போகலாம். அந்நிலையில் அயனிகளின் தற்செயலான இருப்பிடம் தரும் பிழை, பின்னணி தரும் பிழையை விஞ்சக்கூடும். ஹப் உள்ளிட்டோரின் ஆய்வும் இவ்விரு பிழைகளையும் ஒப்பிட்டு முடிவெடுக்கும் அளவுகோலாகவே தன் சமன்பாட்டை முன்வைத்தது.

மேற்கண்ட மாதிரியில் நிகர மின்னூட்டம் −1 மட்டுமே எனில் பரவளைய வேறுபாடு 0.03 வோல்ட்டுக்கும் குறைவு. வெப்ப ஆற்றலின் ஒரு மடங்கு அளவே. பெட்டி பெரிதாகும்போது இது மேலும் குறையும். லிப்பிட்களின் ஒழுங்கையோ பரப்பையோ அளக்கும் ஆய்வுக்கு அது பொறுத்துக்கொள்ளத்தக்கது. அயனி ஊடுருவலின் கட்டிலா ஆற்றலை அளக்கும் ஆய்வுக்கு அதே அளவு பிழை திருத்தத்திற்குரியது. ஆகவே நிகர மின்னூட்டம் ஏற்கத்தக்கதா என்னும் வினாவுக்கு, ஆய்வின் நோக்கத்திலிருந்தும் பெட்டியின் அளவிலிருந்தும் பிரித்து விடைகூற இயலாது. சில நிமிடங்களில் முடியும் ஒரு மதிப்பீடு அவ்விடையைத் தருகிறது. அதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணம் காண்பது கடினம்.

இங்கு மற்றொன்றையும் வேறுபடுத்த வேண்டும். மென்பொருள் காட்டும் நிகர மின்னூட்டம் 0.0001 போன்ற அளவில் இருப்பின் அது தசம எண்களின் தோராயத்தால் விளைவது, கவலைக்குரியதன்று. −0.37 போன்ற பின்னம் தோன்றினால் அது மூலக்கூறு வரையறையிலேயே பிழை உண்டு என்பதன் அறிகுறி. விடுபட்ட ஹைட்ரஜனையோ பிழையாக இணைக்கப்பட்ட மின்னூட்டங்களையோ கண்டறிந்து திருத்துவதே முறை. ஏதேனும் ஓர் அணுவின் மின்னூட்டத்தை மாற்றிக் கூட்டுத்தொகையை நேராக்குவது, தலைப்பகுதியின் இருமுனைத் திருப்புத்திறனைக் காரணமின்றி மாற்றுவதாகும்.

எத்தனை அயனிகள்: மூன்று விடைகள்

ஈடுசெய் அயனிகளைச் சேர்ப்பதே பொதுவான பரிந்துரை. எத்தனை என்பதில்தான் இரண்டாவது சிக்கல் எழுகிறது. 0.15 மோலார் உப்புச் செறிவில் ஏறத்தாழ 370 நீர் மூலக்கூறுகளுக்கு ஓர் உப்பு இணை இருக்கும். மாதிரி ஈரடுக்கின் 5120 நீர் மூலக்கூறுகளுக்கு 14 இணைகள். சவ்வின் மின்னூட்டமோ −26.

முதலாவது, பரவலான வழக்கம்: 26 சோடியத்தைச் சேர்த்து நடுநிலையாக்கி, அதன்மேல் 14 இணைகளைச் சேர்த்தல். சோடியம் 40, குளோரைடு 14. இரண்டாவது, மச்சாடோவும் பன்டானோவும் 2020இல் முன்வைத்த எளிய விதி: மின்னூட்டத்தின் பாதியைச் சோடியத்தில் கூட்டி, மறுபாதியைக் குளோரைடில் கழித்தல். சோடியம் 27, குளோரைடு 1. மூன்றாவது, ஷ்மிட் உள்ளிட்டோர் 2018இல் அளித்த முறை. 1911இல் டானன் விளக்கிய சமநிலையை ஒத்து, இரு அயனிகளின் எண்ணிக்கைகளது பெருக்கற்பலன் உப்பு இணைகளின் வர்க்கத்திற்குச் சமமாக இருக்க வேண்டும்; வேறுபாடு 26 ஆக இருக்க வேண்டும். சோடியம் 32, குளோரைடு 6.

மூன்று வழிகளிலும் நிகர மின்னூட்டம் சுழியே. மூன்றையும் 0.15 மோலார் என்று எழுதவும் இயலும். ஆனால் இப்பெட்டி எந்தச் செறிவுள்ள வெளிக்கரைசலுடன் சமநிலையில் இருக்கும் என்று கேட்டால் விடைகள் பிரிகின்றன. டானன் உறவின்படி முதல் பெட்டி ஏறத்தாழ 0.26 மோலார் கரைசலுக்கும், இரண்டாவது 0.06 மோலாருக்கும், மூன்றாவது 0.15 மோலாருக்கும் உரியவை. முதல் இரண்டுக்கும் இடையே நான்கு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு உள்ளது.

இரண்டாவது விதியைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. அது டானன் உறவின் எல்லை வடிவம்; உப்பு இணைகளின் எண்ணிக்கை மின்னூட்டத்தைவிட மிகுதியாக உள்ள பெரிய பெட்டிகளில் இரண்டும் ஒரே விடையைத் தரும். நீரடுக்கு மெல்லியதாகவும் சவ்வு மின்னூட்டம் மிக்கதாகவும் இருக்கும்போதே அது விலகுகிறது. கணினி வளம் குறைந்த ஆய்வுக்குழுக்கள் சிறிய பெட்டிகளையே கையாள வேண்டியிருப்பதால், இவ்விலகல் அவர்களையே மிகுதியாகப் பாதிக்கும்.

மூன்றாவது முறைக்கும் வரம்பு உண்டு. அது அயனிகள் நீர்ப்பகுதி முழுவதும் சராசரியாகப் பரவியிருப்பதாகக் கொள்கிறது. உண்மையில் சோடியம் சவ்வின் பரப்பருகே செறிகிறது. மாதிரியின் நீரடுக்கு 3.7 நானோமீட்டர் தடிமன் கொண்டது, 0.15 மோலாரில் தேபை நீளம் ஏறத்தாழ 0.8 நானோமீட்டர். நீரடுக்கின் நடுப்பகுதிகூடப் பரப்பிலிருந்து இரண்டேகால் தேபை நீளத் தொலைவிலேயே உள்ளது. ஆகவே எந்த வழியில் அயனிகளைச் சேர்த்தாலும், கணிப்பு முடிந்தபின் நீரடுக்கின் நடுவில் இரு அயனிகளின் செறிவையும் அளந்து கூறுவதே நேர்மையான அறிக்கையாகும்.

விசைப்புலமும் அயனியின் இருப்பிடமும்

எண்ணிக்கை சரியாக இருந்தாலும், அயனிகள் எங்கு அமர்கின்றன என்பதை விசைப்புலமே முடிவுசெய்கிறது. திறந்த ஒத்துழைப்பாக நடைபெறும் என்.எம்.ஆர். லிப்பிட்ஸ் திட்டம் 2016இல் பல விசைப்புலங்களை அணுக்கரு காந்த ஒத்ததிர்வு அளவீடுகளுடன் ஒப்பிட்டது. பெரும்பாலான விசைப்புலங்கள் சோடியத்தைப் பாஸ்ஃபாட்டிடைல்கோலினுடன் மிகையாகப் பிணைக்கின்றன என்பது அதன் முடிவு. சுவிட்டர் அயனிச் சவ்வு இதனால் உருவகத்தில் நேர்மின் சவ்வாகத் தோற்றமளிக்கிறது. ஆய்வாளர் நடுநிலை எனக் கருதும் பரப்பு பெப்டைடுக்கு நடுநிலையாக இருப்பதில்லை.

இதைத் திருத்த, அயனிக்கும் லிப்பிட் ஆக்சிஜனுக்கும் இடையிலான குறுந்தொலைவு விசையை மாற்றுதல் ஒரு வழி. மின்னணு முனைவாக்கத்தைச் சராசரியாகக் கணக்கில் கொண்டு அயனி மின்னூட்டத்தை 0.75 போன்ற காரணியால் குறைத்தல் மற்றொரு வழி. இரண்டாவது வழியில் நடுநிலைக் கணக்கும் மாறுகிறது. 26 சோடியங்களின் மின்னூட்டம் 0.75 ஆகக் குறைக்கப்பட்டு, லிப்பிட்களின் மின்னூட்டம் −1 ஆகவே விடப்பட்டால், ஈடாவது 19.5 மட்டுமே. எஞ்சிய −6.5க்கு மீண்டும் பின்னணி மின்னூட்டம் நுழைகிறது. முந்தைய கணக்கின்படி அது ஏறத்தாழ 0.18 வோல்ட் பிழைக்குச் சமம். அயனியை மட்டும் குறைத்து லிப்பிடை விட்டுவிடுவதில் உள்ள முரண் இது. இரண்டும் ஒரே கொள்கையின்கீழ் அளவுகோலிடப்பட வேண்டும்.

பகுதிவாரி நடுநிலை

நீர்ப்பகுதி இரண்டாகப் பிரிக்கப்படும் அமைப்புகளில் சுழிக் கூட்டுத்தொகையின் போதாமை மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. ஆவர்த்தன எல்லை நிபந்தனையில் ஒற்றை ஈரடுக்கின் இருபுற நீரும் உண்மையில் ஒரே நீர்ப்பகுதி. சவ்விடை மின்னழுத்தத்தை உருவாக்க இரு ஈரடுக்குகளை ஒரே பெட்டியில் அடுக்கும் முறையைக் குட்ஸ்னர் உள்ளிட்டோர் 2011இல் விரிவாக்கினர். அங்கு அயனிகளின் பகுதிவாரி வேறுபாடு வேண்டுமென்றே ஏற்படுத்தப்படுகிறது.

வேண்டாத இடத்தில் இவ்வேறுபாடு தோன்றினால் என்னாகும்? சவ்வின் மின்தேக்குத்திறன் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஃபாரடு. 41.6 சதுர நானோமீட்டர் பரப்பில் ஒரே ஓர் அலகு மின்னூட்டம் சவ்வின் இருபுறமும் பிரிந்து நின்றால் எழும் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.39 வோல்ட். உயிரணுக்களின் ஓய்வு மின்னழுத்தமோ 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. எதிர்மின் லிப்பிட்களை உள்ளடுக்கில் மட்டும் கொண்ட சமச்சீரற்ற சவ்வுகளை இரட்டை ஈரடுக்காக அமைக்கும்போது, அயனிகளைத் தற்செயலாகச் சேர்க்கும் நிரல் மொத்தக் கணக்கைச் சரியாக வைத்துவிட்டு ஒவ்வொரு பகுதியிலும் பிழை செய்யக்கூடும். கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கும் சோதனையில் அது அகப்படாது.

கணிப்பின்போதே மின்னூட்டம் மாறும் ஆய்வுகளுக்கும் இது பொருந்தும். ஒரு மருந்து மூலக்கூற்றின் மின்னூட்டத்தைப் படிப்படியாக நீக்கிக் கட்டிலா ஆற்றலை அளக்கும்போது தொடக்கநிலை நடுநிலையாக இருந்து இறுதிநிலை நிகர மின்னூட்டம் பெறலாம். ராக்லின் உள்ளிட்டோர் 2013இல் இதற்கான திருத்தங்களை வகுத்தனர். நிலையான காரகாடித்தன்மைச் சூழலில், புரோட்டான் ஏற்கும் தொகுதிக்கு ஈடாக நீரில் ஒரு தாங்கலை மாற்றி நடுநிலையைக் காக்கும் வழியை டோனினி உள்ளிட்டோர் 2016இல் அளித்தனர். ஈடுசெய்யும் மின்னூட்டத்திற்கு எண்ணெய்ப் பகுதிக்கு வெளியே ஓர் இடத்தை ஒதுக்குவதே அவ்வழியின் சிறப்பு.

முறையியல் பகுதிக்கான முன்மொழிவு

மேற்கண்டவற்றிலிருந்து, மின்னூட்டமுள்ள சவ்வை ஆராயும் கட்டுரை ஒவ்வொன்றும் ஐந்து செய்திகளைத் தருதல் வேண்டும் எனலாம். அயனிகள் சேர்க்கப்படுவதற்கு முன்னும் பின்னும் நிகர மின்னூட்டம் எவ்வளவு. ஒவ்வோர் அயனியின் எண்ணிக்கையும் நீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் எவ்வளவு. அவ்வெண்ணிக்கை எந்த முறையால் பெறப்பட்டது. சமநிலைக்குப்பின் நீரடுக்கின் நடுவில் அளக்கப்பட்ட செறிவு எவ்வளவு. நிகர மின்னூட்டம் எஞ்சியிருப்பின் அதனால் வால்பகுதியில் எழும் மின்னழுத்தத்தின் மதிப்பீடு எவ்வளவு. இவை அரைப் பத்தியில் அடங்கும். மறு ஆய்வாளர் ஒருவர் அதே பெட்டியை மீண்டும் அமைக்கவும், முடிவு முறையால் விளைந்ததா இயற்பியலால் விளைந்ததா என்று பிரித்தறியவும் இவை போதும்.

முடிவுரை

லிப்பிட் சவ்வு விடுதிறன் வேறுபாட்டால் ஆன ஓர் அமைப்பு. அதன் உயிரியல் பணியே அயனிகளை இருபுறமும் பிரித்து நிறுத்துவதாகும். அத்தகைய அமைப்பில் மின்னூட்டத்தை வெறும் கூட்டுத்தொகையாகக் காண்பது, ஆராயப்படும் பண்பையே கணக்கிலிருந்து நீக்குவதாகும். ஈவால்ட் முறையின் பின்னணி மின்னூட்டம் மாதிரி ஈரடுக்கில் 0.7 வோல்ட் அளவுக்குப் பொய்யான மின்னழுத்தத்தை உருவாக்க வல்லது. ஈடுசெய் அயனிகளைச் சேர்க்கும் மூன்று வழிகள் ஒரே செறிவின் பெயரால் மூன்று வேறு கரைசல்களைத் தருகின்றன. பகுதி மாறிய ஓர் அயனி ஓய்வு மின்னழுத்தத்தைப் பன்மடங்கு விஞ்சுகிறது.

இவற்றுள் எதுவும் புதிய மென்பொருளையோ மிகுந்த கணினி வளத்தையோ வேண்டுவதன்று. தாளில் போடத்தக்க கணக்குகளே போதுமானவை. மாதக்கணக்கில் ஓடவிருக்கும் ஒரு கணிப்பைத் தொடங்கும் முன், ஈடுசெய்யும் மின்னூட்டம் எவ்வளவு என்பதோடு அது எங்குள்ளது என்றும் கேட்பது சவ்வு உருவகப்படுத்தலின் முதல் படியாக அமைதல் வேண்டும்.